நெஞ்சுப் பாக்கெட்டுக்கு ஒரு துணி

உ
அம்பாசமுத்திரம்
14.10.2024

மாப்பிள்ளை குமரகுருபரனுக்கு, சித்ரலேகாவின் ஆச்சி நீலாம்பாள் எழுதுவது.

கவரைப் பைய பிரிங்க. உள்ள ஒரு துணித் துண்டு இருக்கு, கீழ விழுந்துட்டா எடுக்க முடியாது, அவ்வளவு பொடிசு.

கல்யாணச் சேலை என்ன கலர்னு சித்ராட்ட போன்ல கேட்டியளாம். கோட்டு நெஞ்சுப் பாக்கெட்ல வைக்கிற கர்சீப்பு அதுக்குப் பொருத்தமா இருக்கணும்னு சொன்னியளாம். அவ போட்டோ எடுத்து அனுப்பிட்டா. நான் அந்தப் போட்டோவைப் பாத்தேன். சேலை நல்ல அரக்கு. போன்ல பீட்ரூட் சாறு மாதிரி இருக்கு. முற்றத்து வெயில்ல வச்சு எடுத்தா செங்கல் மாதிரி இருக்கு. அதை நம்பி நீங்க ஒண்ணை வாங்கி, அது ஒரு பக்கம், சேலை ஒரு பக்கம்னு நின்னா பாக்க நல்லாவா இருக்கும்? அதான் ரவிக்கைத் துணி ஓரத்துல கத்தரிச்சு அனுப்பியிருக்கேன். கண்ணால பாருங்க.

ஆனா கடையில வாங்கிரக் கூடாது. மாப்பிள்ளை அழைப்புக்குக் கோட்டு சூட்டு பொண்ணு வீட்டு முறை. கோட்டுன்னா அதுல நிக்கிற கர்சீப்பும் சேத்துதான். இந்த வீட்டுச் சீர்ல இதுவரை ஒருத்தர் குறை சொன்னது கிடையாது. நீங்க அனுப்பின அளவை பஜார்ல காஜா முகைதீன்ட்ட குடுத்தாச்சு. கோட்டு தைக்கதுல இந்தப் பக்கம் அவன்தான். "ஆச்சி, மாப்பிள்ளைக்குத் தோள் நல்லா இருக்கு, ஆனா ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கு"ன்னான். "மேனேஜர்லா, ஒரு கையில எப்பவும் பைல் இருக்கும்"னேன்.

இந்தச் சம்பந்தம் நான் பாத்து முடிச்சது. எம் மகன் சிவசண்முகம் முதல்ல யோசிச்சான், பெங்களூர் தூரம்னான். நான்தான் பெரிய ஹோட்டல்ல மேனேஜர், நாற்பது பேர் அவர் சொல்லுக்கு நிக்காங்க, நம்ம பிள்ளைக்கு என்ன குறைன்னு வாயடைச்சேன். தெருவுல ஒரு வீடு விடாமச் சொல்லிட்டேன். தை கடைசி முகூர்த்தம் வரைக்கும் எனக்கு உக்காந்தா இருப்புக் கொள்ளாது.

பதிலும் காகிதத்துலயே எழுதுங்க. போன்ல பேசினா வீடே காது வைக்குது. அஞ்சாங் கிளாஸ் படிச்சிருக்கேன், எனக்கு வந்ததை நானே வாசிச்சுக்குவேன்.

நீலாம்பாள்


பெங்களூர்
22.10.2024

அன்புள்ள ஆச்சிக்கு,

துணித் துண்டு வந்தது. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன், விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. போட்டோவில் வந்த நிறமே இல்லை.

ஒரு விஷயம். பாக்கெட்டில் வைக்கும் துணி சேலையின் அதே நிறத்தில் இருக்க வேண்டுமென்று இல்லை ஆச்சி. அப்படியே ஒத்துப்போனால் ஒரே துணியில் இருவருக்கும் தைத்த மாதிரி இருக்கும். ஒட்டினாற்போல இருந்தால் போதும். அளவு ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் குறைவு, நாலு பக்கமும் சமம். ஓரம் மிஷினில் தைக்காமல் கையால் சுருட்டித் தைத்திருந்தால் நன்றாக விழும்.

மடிப்பதில் பல வகை உண்டு. மேலே ஒரு விரல் அகலம் நேராகத் தெரிகிற மாதிரி மடிப்பது ஒன்று. அது காட்டன் துணிக்கு. ஒரு முனை மட்டும் மலை மாதிரி நிற்பது ஒன்று. மூன்று முனை தெரிவது ஒன்று, கல்யாணத்துக்கு அதைத்தான் வைப்பார்கள். நடுவில் பிடித்துத் தூக்கி, புடைத்தாற்போலச் செருகுவது பட்டுக்கு. எதை வைத்தாலும் வைத்த பிறகு தொடக் கூடாது. தொட்டுத் தொட்டுச் சரிசெய்கிறவனைப் பார்த்தாலே அவனுக்கு அந்தக் கோட்டு பழக்கமில்லை என்று தெரிந்துவிடும்.

நான் தினமும் பத்து மணி நேரம் கோட்டில் நிற்கிறேன். அதனால் இவ்வளவு எழுதிவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள்.

நாற்பது பேர் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி ஒன்று எழுத நினைத்தேன். அடுத்த தடவை எழுதுகிறேன்.

குமரகுருபரன்


உ
அம்பாசமுத்திரம்
6.11.2024

மாப்பிள்ளைக்கு,

தீபாவளிக்கு உங்க அம்மா ராஜராஜேஸ்வரி வள்ளியூர்ல இருந்து வந்து பலகாரம் குடுத்துட்டுப் போனா. தங்கமான மனுஷி. வாசல்ல நின்னு "எம் மகன் ஊருக்கு வரவே நேரமில்ல, அவன் இல்லாட்டா அங்க ஒண்ணும் ஓடாது"ன்னு சொன்னா. எதுத்த வீட்டுல இருக்க என் ஓரகத்தி, கொழுந்தன் பொண்டாட்டி, அப்பத்தான் கோலப்பொடி வாங்கிட்டு வந்தா. அவ காதுல விழட்டும்னு நான் ரெண்டு தடவை திருப்பிச் சொல்ல வச்சேன்.

உங்க கடுதாசியை மூணு நாளா வாசிச்சேன். மலை மடிப்பு, புடைப்பு மடிப்பு எல்லாத்தையும் எம் மகனோட பழைய சட்டைப் பாக்கெட்ல தலகாணி உறைத் துணியை வச்சுப் பாத்தேன். சிவசண்முகம் ஆபீசுக்குப் புறப்பட்டவன் "யம்மா, என் நெஞ்சுல எதுக்குத் தலகாணி?"ன்னான்.

துணி அனுப்பியிருக்கேன். அதே நிறம் வேண்டாம்னு எழுதியிருந்திய. அது உங்க பெருந்தன்மை. நம்ம வீட்டுல பாதி செய்யுத பழக்கம் இல்ல. ரவிக்கைத் துணியிலயே ஜரிகைக் கரையோட வெட்டித் தச்சிருக்கு. சித்ரா வேண்டாம்னா, நான் கேக்கல. அவளுக்குக் காலைல பாளையங்கோட்டை பஸ்ஸைப் பிடிக்கவே நேரம் சரியா இருக்கு. பல் ஆஸ்பத்திரியில வாரவனை வாங்கன்னு சொல்லி உக்கார வைக்கணும், பல்லு வலியில கத்துறவன்ட்டயும் சிரிச்சுக்கிட்டே பேசணும். சாயங்காலம் வந்தா வாயைத் தொறக்க மாட்டா. உங்க போன் வந்தா மட்டும் வாய் தொறக்கும்.

வச்சுப் பாத்து எழுதுங்க.

நீலாம்பாள்


பெங்களூர்
14.11.2024

அன்புள்ள ஆச்சிக்கு,

மன்னிக்கணும். துணியைத் திருப்பி அனுப்புகிறேன்.

பட்டு கனமாக இருக்கிறது. ஜரிகை உள்ளே மடிந்தால் இன்னும் கனம். பாக்கெட்டில் வைத்தால் கோழிமுட்டை வைத்த மாதிரி தள்ளிக்கொண்டு நிற்கிறது. கோட்டின் முன்பக்கமே தொங்கிப்போகும். மெல்லிய பட்டாக இருந்தால் நன்றாக இருக்கும். சித்ரா சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

அவசரமில்லை ஆச்சி. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாக்கெட் காலியாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. எத்தனையோ பேர் வெறும் பாக்கெட்டோடு நின்றே கல்யாணம் செய்துகொள்கிறார்கள்.

அம்மா சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் ஆசையில் பேசுவாள்.

குமரகுருபரன்


உ
அம்பாசமுத்திரம்
28.11.2024

மாப்பிள்ளைக்கு,

கோழிமுட்டைன்னு எழுதினதை வாசிச்சு சித்ரா சிரிச்சா சிரிச்சா, புரை ஏறிட்டு. எனக்குச் சிரிப்பு வரல. நம்ம வீட்டுல இருந்து போன ஒரு பொருள் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. கொரியர்காரன் தெருவுல நின்னு "ஆச்சி, ரிட்டன் வந்திருக்கு"ன்னு கத்துதான். எதுத்த வீட்டு ஜன்னல் தொறந்துச்சு. "ரிட்டன் இல்லலே, பதில் மரியாதை"ன்னு சொல்லி வாங்கிட்டேன்.

போகட்டும். வெறும் பாக்கெட்னு மட்டும் இன்னொரு தடவை எழுதாதிய. சித்ரா டவுனுக்குப் போய் மெல்லிசுப் பட்டு எடுத்துட்டு வந்தா. அரக்குக்கு ஒரு படி கம்மி. அவளே வெட்டி, நீங்க எழுதின மாதிரி ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிக் கையால தச்சா. ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு. ஊசி குத்தி விரல்ல ரத்தம். நான் தாறேன்னு சொன்னாலும் தரல. ஒரு பக்கம் தையல் கொஞ்சம் கோணல்னு பிரிச்சு மறுபடியும் தச்சா. பக்கத்து வீட்டு கிரேஸ் டீச்சர் வந்தவ, "என்ன சித்ரா, மாப்பிள்ளைக்குப் பரிட்சைத் தாளா?"ன்னு கேட்டா.

தச்சு முடிஞ்சதும் நான் செய்ய வேண்டியதைச் செஞ்சு பூசையில வச்சு எடுத்து அனுப்பியிருக்கேன். நல்லபடியா வச்சுக்கிடுங்க.

நீலாம்பாள்


பெங்களூர்
5.12.2024

ஆச்சிக்கு,

துணி வந்தது. தையல் நன்றாக இருக்கிறது. ஆனால் நாலு மூலையிலும் மஞ்சள் கறை இருக்கிறது. மூன்று முனை மடிப்பில் மூலைகள்தான் வெளியே தெரியும். இதை வைக்க முடியாது. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மாப்பிள்ளை அழைப்பு, கோட்டு எல்லாம் வேண்டாம். வேட்டி சட்டை போதும். முடிந்தால் கல்யாணத்தையே வைகாசிக்குத் தள்ளிப் போட முடியுமா என்று மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். இங்கே வேலை நெருக்கடி.

குமரகுருபரன்


உ
அம்பாசமுத்திரம்
11.12.2024

குமரகுருபரன் அவர்களுக்கு,

மஞ்சளைக் கறைன்னு எழுதியிருக்கீர்.

நான் வாசிச்சது சரிதானான்னு கண்ணாடியைத் தொடச்சுட்டு மறுபடியும் வாசிச்சேன். கறை. வள்ளியூர்ல பிறந்தவர்தானே நீரு? உங்க அம்மா ஒரு புதுச்சட்டையாவது மூலையில மஞ்சள் வைக்காம உமக்குப் போட்டு விட்டிருப்பாளா? புதுத்துணின்னா மஞ்சள் வைக்கணும்னு நான் வச்சேன். நாலு மூலையிலயும் வச்சேன், கல்யாணத் துணியாச்சேன்னு.

காஜாட்ட கொண்டு போய்க் காட்டினேன். அவன் உம்ம பக்கம்தான் பேசுதான். "ஆச்சி, சட்டைன்னா மஞ்சள் வச்ச ஓரம் உள்ள போயிரும். இதுல ஓரத்தைத்தான் வெளிய எடுத்துக் காட்டுதாங்க. மாப்பிள்ளை சொல்லுததுல ஞாயம் உண்டு"ன்னான். ஞாயம் இருக்கட்டும்வே. நான் யோசிக்காமத்தான் வச்சுட்டேன், அது என் தப்புதான். ஆனா நம்ம பக்கத்துப் பிள்ளைன்னா என்ன எழுதியிருக்கும்? "ஆச்சி, மஞ்சள் வெளிய தெரியுது, நான் தண்ணியில அலசிக்கிடுதேன்"னு எழுதியிருக்கும். கறைன்னு எழுதாது. அது தெரியாமச் சொன்ன வார்த்தை இல்ல. சாக்குத் தேடுத வார்த்தை.

முதல்ல கனம்னீர். அப்புறம் பாக்கெட்டே காலியா இருக்கட்டும்னீர். இப்பக் கறை, கோட்டு வேண்டாம், கல்யாணத்தைத் தள்ளு. ஒரு பொடித் துணியை இத்தனை தடவை திருப்பி அனுப்புதவனுக்கு மனசுல கிடக்கது துணி இல்ல. எனக்குச் சோறு இறங்கல. மழை வேற விடாமப் பெய்யுது, ஆத்துல தண்ணி படித்துறை தாண்டிட்டு. நான் வீட்டுக்குள்ள அங்கனயும் இங்கனயும் நடந்துக்கிட்டிருக்கேன்.

கேட்டுருதேன். வேற பொண்ணு இருக்காளா? உடம்புக்கு ஏதும் உண்டா? எம் பேத்தியைப் பிடிக்கலையா? எதுன்னாலும் ஒளிக்காமச் சொல்லும். இதை நான் இன்னும் யார்ட்டயும் காட்டல. சித்ரா துணி வந்ததைக் கூடப் பாக்கல. அவ ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு நீர் பதில் சொல்லணும்.

நீலாம்பாள்


பெங்களூர்
17.12.2024

ஆச்சிக்கு,

வேறு பெண் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. சித்ராவைப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அவன் வாயிலேயே ஒன்று போடுங்கள்.

நான் மேனேஜர் இல்லை ஆச்சி. சாப்பாடு பரிமாறுகிறேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிந்து சாயங்காலம் கூட்டம் வருவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். பின்பக்கம் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காஜா அண்ணாச்சி சொன்னது சரி. இடது தோள் தாழ்ந்துதான் இருக்கிறது. பைல் இல்லை, தட்டு.

பெண் பார்க்க வந்த அன்று நான் போட்டிருந்த கோட்டு என்னுடையது இல்லை. ஹோட்டலுடையது. எங்களுக்கெல்லாம் கோட்டும் பாக்கெட் துணியும் அவர்கள்தான் தருவார்கள். வேலை முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு லாண்டரியில் இருக்கிறவரைக் கெஞ்சி இரண்டு நாளைக்கு வாங்கிவந்தேன். நல்லதாக உடுத்திக்கொண்டு வரணும் என்ற ஆசை, அவ்வளவுதான். உள்ளே வந்து உட்கார்ந்ததும் எல்லாரும் என் நெஞ்சுப் பாக்கெட்டையே பார்த்தார்கள். மாமா, "உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா நாற்பது என்று சொல்லிவிட்டாள். எங்கள் பிரிவில் மொத்தமே நாற்பது பேர், அதில் நானும் ஒருவன். நான் மறுத்திருக்கலாம். தண்ணீர் குடித்தேன்.

அப்புறம் சித்ராவோடு போனில் பேசும்போதும் அதையே காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. மீட்டிங் என்பேன். கூட்டம் முடிந்து மேஜை துடைத்துக்கொண்டிருப்பேன்.

அவள் தைத்த துணியைக் கவரிலிருந்து எடுத்துப் பார்த்தபோது கோணலே இல்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். இதை நெஞ்சில் வைத்து, நீங்கள் தைத்துக் கொடுக்கும் கோட்டில், ஊர் முழுக்கப் பார்க்கக் காரில் வந்து இறங்கினால், அந்தப் பொய் அன்றைக்குத்தான் முழுசாகும். தினமும் நான் போடுவது என் கோட்டு இல்லை. அன்றைக்குப் போடுவதும் என் கோட்டாக இருக்காது. காஜா அண்ணாச்சி தைப்பது அந்த மேனேஜருக்கு. அதனால்தான் குறை தேடினேன். மஞ்சளைக் கறை என்று எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அம்மா மேல் கோபப்படாதீர்கள். மற்றதை நீங்கள் முடிவு செய்யுங்கள். சித்ராவிடம் நானே சொல்ல வேண்டும் என்று தெரியும். போனை எடுத்தால் அவள் குரல் கேட்டதும் வேறேதோ பேசிவிடுகிறேன்.

குமரகுருபரன்


பெங்களூர்
26.12.2024

ஆச்சிக்கு,

பதில் இல்லை. ஊரில் வெள்ளம் என்று டிவியில் காட்டினார்கள். அதனால் தபால் தாமதமா, இல்லை தபாலே எழுதவில்லையா என்று தெரியவில்லை.

மூன்று நாளாகச் சித்ரா போனை எடுக்கவில்லை. அதற்கு முன்னால் எடுத்து, "வேலையில இருக்கேன்" என்று வைத்தாள். அவளிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருந்தால் நல்லது. சொல்லவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். நேற்றுப் பண்டிகைக் கூட்டம். ஒரு மேஜைக்கு இரண்டு தடவை சூப் கொண்டு போனேன். பக்கத்து மேஜைக்கு ஒன்றுமே கொண்டு போகவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

குமரகுருபரன்


உ
அம்பாசமுத்திரம்
29.12.2024

குமரனுக்கு,

எழுத உக்காந்து உக்காந்து எந்திரிச்சேன். வெள்ளத்து மேல பழி போட மாட்டேன். தபால்காரர் முழங்கால் தண்ணியில வந்து உம்ம கடுதாசியைக் குடுத்துட்டுத்தான் போனார்.

வாசிச்சதும் முதல்ல எனக்கு உம்ம ஞாபகமே வரல. தெருதான் ஞாபகம் வந்தது. யார் யார் வீட்டுல உக்காந்து என்னென்ன சொன்னேன், எந்தப் படியில நின்னு சொன்னேன், எல்லாம். மூடி மறைச்சுக் கல்யாணத்தை முடிச்சுருவோமான்னு கூட யோசிச்சேன். யோசிச்சதை எதுக்கு ஒளிக்கணும்? ஆனா சித்ரா அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, "துணி போய்ச் சேந்துட்டா ஆச்சி? ஒண்ணும் எழுதலையே அவிய?"ன்னு கேட்டா. பொய் சொல்ல வாய் வரல. கடுதாசியைக் கையில குடுத்துட்டேன்.

நின்னுக்கிட்டே வாசிச்சா. செருப்பைக் கூடக் கழத்தல. முடிச்சுட்டு, "உங்களுக்குத்தான் எழுதினாங்களா? எனக்கு எழுதலையா?"ன்னா. வேலையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அப்புறம் ராத்திரிச் சாப்பாடு பரிமாறும்போது வெடிச்சா. "பரிமாறுதது ஒரு கேவலமா? நானும் நாள் முழுக்க நின்னுக்கிட்டே சிரிக்கவதானே. மீட்டிங் மீட்டிங்னு என்ட்ட பேசினாங்களே, நான் பேசி முடிச்சுட்டு 'பாவம், எவ்வளவு வேலை'ன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்தேனே, அதை எங்க கொண்டு போய் வைக்க?"ன்னு கேட்டா. சிவசண்முகத்துக்கு அப்பத்தான் விஷயம் தெரியும். சோத்துல கையை உதறினான். "மண்டபத்துக்குப் போன் போட்டு நிறுத்திருதேன்"னான். என்னைப் பாத்து, "நீங்க பாத்த சம்பந்தம்தானே யம்மா"ன்னான். அது எனக்கு நல்லா உறைச்சது.

சித்ராதான் போனைப் பிடுங்கினா. "நிறுத்துததுன்னா நான் நிறுத்துவேன், நீங்க இல்ல"ன்னா. அவிய வேலை பாக்குத இடத்துல போய் ஒரு வேளை உக்காந்து சாப்பிடணும், அவிய பரிமாறணும், அதைக் கண்ணால பாத்துட்டுத்தான் சொல்லுவேன்னா. அப்பன் "பாத்துட்டு வந்து நிறுத்து"ன்னு போயிட்டான்.

தனியா அனுப்ப முடியாது, நானும் வாரேன். சனிக்கிழமை மத்தியானம். ரயில்ல இடம் போட்டாச்சு. ஸ்டேஷனுக்கு வரக் கூடாது. எங்களைத் தெரிஞ்சவன் மாதிரிக் காட்டிக்கிடக் கூடாது. ஓசியில ஒரு காபி கூட வைக்கக் கூடாது. வார ஆளுக்கு என்ன செய்வீரோ அதை மட்டும் செய்யும். நானும் வாயைத் தொறக்க மாட்டேன்.

நீலாம்பாள்


பெங்களூர்
6.1.2025

ஆச்சிக்கு,

நீங்கள் வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதிய கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஜன்னலோரம் இருந்தவர் என்னை விரலைச் சொடக்கிக் கூப்பிட்டது எங்களுக்குப் புதிது இல்லை ஆச்சி. ஒரு நாளைக்கு நாலு பேராவது அப்படித்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் எழுந்து நின்று, "யாருவே அது, நாய்க்குட்டியைக் கூப்பிடுத மாதிரி சொடக்குப் போடுதது? அது எங்க வீட்டு மாப்பிள்ளை! வாய் இருக்குல்லா, கூப்பிடும்!" என்று சத்தம் போட்டதும் அந்த ஹால் முழுக்க ஸ்பூன் சத்தம் நின்றுவிட்டது. அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. சாம்பாரில் ஏதோ விழுந்துவிட்டது, அதற்குத்தான் பாட்டியம்மா கத்துகிறார்கள் என்று நினைத்துத் தன் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

எங்கள் மேனேஜர், நிஜ மேனேஜர், தஸ்மியா மேடம். நம்ம திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரர். ஒரு எழுத்து விடாமல் அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, "அது உங்க ஆச்சியா?" என்றார். "இன்னும் இல்லை மேடம்" என்றேன். "போங்க, பன்னிரண்டாம் மேஜைக்குத் தண்ணி வைங்க" என்றார். அவ்வளவுதான். வேலைக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

சித்ரா என்னிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான். "காபி ஆறிப்போச்சு, வேற கொண்டு வாங்க" என்றாள். கொண்டுவந்து வைத்தேன். குடித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோப்பையைக் கீழே போட்டிருப்பேன். எழுந்து போகும்போது மேஜையில் நாப்கினை நாலாக மடித்து வைத்துவிட்டுப் போனாள். அப்படி மடித்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் இங்கே யாரும் கிடையாது. நான் அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

ரயிலில் என்ன சொன்னாள்? இரண்டு நாளாகக் கை ஓடவில்லை. நிறுத்துகிறாள் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். மாமாவிடம் நானே வந்து சொல்ல வேண்டும் என்றால் வருகிறேன்.

குமரகுருபரன்


உ
அம்பாசமுத்திரம்
13.1.2025

ஏலே குமரா,

ரயில்ல அவ திண்டுக்கல் வரைக்கும் வாயைத் தொறக்கல. நானும் கை நிறைய நிலக்கடலையை வச்சுக்கிட்டு ஒண்ணைக் கூட வாயில போடல. திண்டுக்கல் தாண்டினதும் என் மேல விழுந்தா. "நான் இன்னும் சரின்னே சொல்லல. நீங்க யாரு ஆச்சி, மாப்பிள்ளைன்னு ஊரு கேக்கக் கத்துததுக்கு?"ன்னா. "வாயில வந்துட்டு"ன்னேன். "இத்தனை பேர் முன்னால சொன்னதை இனி எங்க போய்த் திருப்பி வாங்க?"ன்னு கேட்டா. அப்படிக் கேக்கும்போது அவ முகத்துல கோபம் பாதிதான் இருந்துச்சு, நான் பாத்தேன். கோவில்பட்டியில எந்திரிச்சு உக்காந்து சொன்னா. கல்யாணம் நடக்கட்டும். ஆனா பத்திரிகையில பேருக்குக் கீழ உத்தியோகம் போடுவாங்கல்லா, அங்கன உள்ளதைப் போடணும். தமிழ்ல போடணும். அப்பாட்ட அவியளே வந்து பேசணும். இனி மீட்டிங்னு ஒரு வார்த்தை வந்துதுன்னா, மேடையில இருந்தாலும் எந்திரிச்சுப் போயிருவேன்னா.

சித்ரா போன்ல வரச் சொல்லி நீ புதன்கிழமை வந்து சிவசண்முகத்துட்டப் பேசிட்டுப் போனதுக்கு அப்புறம் அவன் ரெண்டு நாள் உர்ருன்னு இருந்தான். சனிக்கிழமை செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே, "பத்திரிகைப் புரூப் வந்துட்டா?"ன்னு கேட்டான். அவன் வாயில இருந்து அதுக்கு மேல எதிர்பார்க்காதே.

உங்க அம்மா வந்து அழுதா. "உணவு பரிமாறுபவர்னு போட்டா சொந்தக்காரங்க என்ன நெனப்பாங்க, ஹோட்டல் துறைன்னாவது போடுங்க"ன்னா. நான் சொன்னேன், "சம்பந்தியம்மா, நாற்பது பேர்னு சொன்ன வாய் உங்கது. தெருவெல்லாம் கொண்டு போன வாய் என்னுது. நம்ம ரெண்டு பேரும் பேசினது போதும், இதைப் பிள்ளைக சொல்லட்டும்"னேன். அப்புறம் ரெண்டு பேரும் காபி குடிச்சோம்.

கோட்டு முடிஞ்சுட்டு. காஜா இடது தோளுக்கு உள்ள கொஞ்சம் பஞ்சு வச்சுத் தச்சிருக்கான், ரெண்டும் சமமா நிக்கும்னான். நான் பஞ்சை எடுக்கச் சொல்லிட்டேன். எப்படி இருக்கோ அப்படியே நிக்கட்டும். கர்சீப்பு சித்ரா கையில இருக்கு, அவ குடுப்பா. எந்த மடிப்பு வைக்கணுமோ நீயே வச்சுக்க, அதுல நான் தலையிட மாட்டேன்.

பத்திரிகை இன்னைக்குக் காலைல வந்தது. "திருவளர்செல்வன் குமரகுருபரன், உணவு பரிமாறுபவர், பெங்களூர்." மஞ்சள் தடவி முதல் பத்திரிகையைச் சாமிக்கு வச்சேன். ரெண்டாவதை எடுத்துக்கிட்டு நேரா எதுத்த வீட்டுக்குப் போனேன். அந்த ஓரகத்திட்டதான் நான் மேனேஜர் மேனேஜர்னு அதிகமாச் சொன்னது. கடைசியா வச்சா கால் வராதுன்னு முதல்லயே போயிட்டேன்.

கண்ணாடியை மாட்டி மேல இருந்து கீழ வரை வாசிச்சா. திருப்பி வாசிச்சா. "மேனேஜர்னுல்லா சொன்ன நீ?"ன்னா.

"இல்ல. சாப்பாடு பரிமாறுதான். நான் போய் உக்காந்து சாப்பிட்டுட்டு வந்தேன்"னேன். சிரிப்பாளோன்னு பாத்துக்கிட்டே நிக்கேன்.

அவ பத்திரிகையை மடிச்சுக் கவர்ல போட்டுட்டு, "எப்படிப் பரிமாறுதான்?"னு கேட்டா.

"தட்டு வச்ச சத்தம் கேக்கல"ன்னேன்.

அதுக்கு மேல அங்க நிக்க முடியல. வந்துட்டேன். தெருவுல இன்னும் எல்லா வீடும் கிடக்கு. எல்லாத்துட்டயும் அதே வாயால சொல்லணும். வெயில் ஏறுததுக்குள்ள நடந்துருதேன்.

உன் ஆச்சி,
நீலாம்பாள்